பொமரேனியன், ஸ்பிட்ஸ், ஷிட்சூ வளர்ப்பு: முடி, சாப்பாடு, பழக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இருப்பது பொமரேனியன்தானா?

எடை போட்டுப் பாருங்கள். வளர்ந்த பொமரேனியன் 3 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். இனத் தரப்படி 1.4 கிலோவிலிருந்து 3.2 கிலோ வரை. நம்மூரில் 'பொமரேனியன்' என்று வாங்கி வந்த வெள்ளை நாய் 6 கிலோ, 12 கிலோ என்று நின்றால் அது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அதில் குறை ஒன்றும் இல்லை. நம் வெயிலையும் ஈரக்காற்றையும் பொமரேனியனைவிட நன்றாகவே தாங்கும். பெயரைத் தெரிந்துகொள்வது எதற்கென்றால், சாப்பாட்டு அளவும் மருந்தின் அளவும் எடையை வைத்துத்தான் கணக்காகும். உண்ணி மாத்திரையைக்கூட எடை தெரியாமல் வாங்கக் கூடாது.

முடியிலும் இரண்டு வகை உண்டு. பொமரேனியனுக்கும் ஸ்பிட்ஸுக்கும் இரட்டை அடுக்கு: வெளியே நீளமான விறைப்பு முடி, உள்ளே பஞ்சு போன்ற அடிமுடி. இந்த முடி ஓர் அளவுக்கு வளர்ந்து நின்று, உதிர்ந்து, மறுபடி முளைக்கும். ஷிட்சூவின் முடி நம் தலைமுடிபோல வெட்ட வெட்ட வளர்ந்துகொண்டே இருக்கும். கீழே வரும் பல பதில்கள் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

வெயில் காலத்தில் மொட்டை அடித்துவிடலாமா?

பொமரேனியனுக்கும் ஸ்பிட்ஸுக்கும் வேண்டாம். பங்குனி பிறந்ததும் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் நடக்கும் தவறும் இதுதான். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. அதனால் முடியை எடுத்தால் வியர்வை ஆறிக் குளிர்ச்சி கிடைக்கும் என்ற கணக்கு அதற்குப் பொருந்தாது. சிக்கில்லாமல் சீவிய இரட்டை அடுக்கு முடிக்குள் காற்று புகுந்து வரும். வெயில் நேரே தோலில் படாது. மெஷின் போட்டு ஒட்ட எடுத்தால் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் வெந்துபோகும். அதைவிடப் பெரிய சிக்கல், முடி திரும்ப முளைக்காமல் போவது. சில நாய்களுக்கு ஓராண்டு கடந்தும் முதுகில் சொட்டை நிற்கும். முளைத்தாலும் அடிமுடி மட்டும் திட்டுத்திட்டாக வந்து முன்னைவிடச் சீக்கிரம் சிக்கு பிடிக்கும்.

வெட்ட வேண்டிய இடங்கள் உண்டு. பாதத்தின் அடியில் திண்டுகளுக்கு இடையே வளரும் முடி, மலத்துவாரத்தைச் சுற்றி, வயிற்றின் அடியில் சிறுநீர் படும் பகுதி. இவற்றை மாதம் ஒருமுறை குறைத்தால் போதும். ஷிட்சூவுக்கு உடம்பு முழுவதையும் 2 செ.மீ. அளவுக்குக் குட்டையாக வெட்டி வைத்திருப்பது நம் ஊருக்கு மிகவும் ஏற்றது. நீள முடியைத் தினமும் சீவ நேரம் இல்லாதவர்கள் கண்டிப்பாக அப்படித்தான் வைத்திருக்க வேண்டும்.

மருத்துவர் தோல் நோய்க்காக முடியை எடுக்கச் சொன்னால் அது வேறு. எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தினமும் சீவுகிறோம், ஆனாலும் சடை பிடிக்கிறது. ஏன்?

மேலாகச் சீவுவதால்தான். பிரஷ் மேல்முடியில் வழுக்கிப் போகிறது, பார்க்கப் பளபளவென்று இருக்கிறது, அடியில் பஞ்சு முடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போகிறது. ஒரு மாதம் கழித்துத் தொட்டால் தோலோடு ஒட்டிய கம்பளித் துண்டாக வரும்.

இரண்டு கருவி போதும். வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, ஒரு பாதி நெருக்கமாகவும் மறுபாதி அகலமாகவும் பல் உள்ள ஸ்டீல் சீப்பு ஒன்று. ஸ்லிக்கரை வாங்கும்போது உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள்; உங்களுக்குக் கீறினால் நாய்க்கும் கீறும். முடியைக் குறைப்பதாகச் சொல்லி விற்கும், பிளேடு வைத்த கருவிகளை ஸ்பிட்ஸுக்கு அடிக்கடி போடாதீர்கள். உதிர்ந்த முடியோடு நல்ல மேல்முடியையும் அவை அறுத்துவிடும்.

நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காய்ந்த முடியில் பிரஷ் போட்டால் முடி ஒடியும், ஆகவே தண்ணீரை லேசாகத் தெளித்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இடது கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்தால் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் இருக்கும் முடியை மட்டும் வேரிலிருந்து நுனி வரை சீவி இறக்குங்கள். பிறகு அரை அங்குலம் மேலே அடுத்த கோடு. இப்படி முதுகுத்தண்டு வரை போய், நாயைத் திருப்பிப் போட்டு மறுபக்கம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் தோல் சிவந்து எரியும்; ஐந்தாறு இழுப்பில் நகர்ந்துவிடுங்கள். கடைசியில் ஸ்டீல் சீப்பை வேர்வரை விட்டு ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சிக்கு மிச்சம் இருக்கிறது.

காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, பின்தொடை, கழுத்துப்பட்டைக்கு அடியில்: இந்த ஐந்து இடங்களில்தான் சடை ஆரம்பிக்கும். முழுச் சீவலுக்கு வாரம் மூன்று நாள் ஒதுக்கினால் ஸ்பிட்ஸுக்குப் போதும். இந்த ஐந்து இடங்களை மட்டும் தினமும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். கோடு பிரித்துச் சீவுவதில் இன்னொரு லாபம், தோலை நேரில் பார்த்துவிடுகிறீர்கள். உண்ணி, பொடுகு, சிவப்புத் திட்டு, சிறு கட்டி எல்லாம் இந்த வகை நாய்களில் முடிக்கு அடியில் வாரக்கணக்கில் மறைந்திருக்கும்.

விழுந்துவிட்ட சடையைக் கத்தரிக்கோலால் வெட்டலாமா?

வேண்டாம். சடையைத் தூக்கிப் பிடிக்கும்போது தோலும் கூடாரம்போல எழும்பி வரும்; எது முடி, எது தோல் என்று தெரியாது. நாய்த் தோல் மெல்லியது. இரண்டு அங்குல வெட்டுக்காயத்தோடு தையல் போட வரும் நாய்கள் நிறைய.

சடையின் மேல் கொஞ்சம் சோளமாவைத் தூவித் தேய்த்து, வேர்ப்பக்கத்தை இரு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரியுங்கள். வேரைப் பிடித்திருந்தால் இழுப்பு தோலுக்குப் போகாது. எண்ணெய் தடவிப் பிரிப்பவர்கள் உண்டு. பிரியும்தான், ஆனால் எண்ணெயைக் கழுவ இரண்டு முறை ஷாம்பு போட வேண்டி வரும். பிரியவே பிரியாத சடையை மெஷினால் தோலுக்கு இணையாக எடுப்பதே வழி. அதைப் பழகியவரிடம் விடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: சிக்கு எடுத்த பிறகே குளியல். நனைந்த சடை சுருங்கி இறுகிவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டலாம்?

மூன்று வாரத்துக்கு ஒருமுறை சரி. ஷிட்சூவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வாரம் இருமுறை குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை போய், பொடுகும் அரிப்பும் தொடங்கும்.

மனிதர் ஷாம்பு, குழந்தை ஷாம்பு, பாத்திர சோப்பு எதுவும் வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலை. நமக்கென்று செய்த ஷாம்பு அதன் தோலை வறட்டும். நாய் ஷாம்புவையும் நேராக ஊற்றாதீர்கள். பாட்டிலில் வேறு அளவு சொல்லாவிட்டால் ஒரு பங்கு ஷாம்புக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என ஒரு குவளையில் கலக்கி ஊற்றுங்கள். கெட்டியாக ஊற்றினால் ஒரே இடத்தில் தங்கிவிடும், அலச வராது.

இரட்டை முடிக்குள் தண்ணீர் அவ்வளவு எளிதில் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரை, விரலால் முடியைப் பிளந்து, தோல் நனையும்வரை ஊற்ற ஐந்து நிமிடம் ஆகும். மருந்து ஷாம்பு என்றால் தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும். உடனே கழுவினால் மருந்து வேலை செய்யாது, பணம்தான் வீண். அலசும் நேரம் ஷாம்பு போட்ட நேரத்தைவிட இரட்டிப்பாக இருக்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

குளித்து இரண்டு நாளில் நாற்றம் அடிக்கிறதே?

சரியாகக் காயவில்லை. வெயிலில் நிறுத்தினால் மேல்முடி அரை மணியில் காய்ந்துவிடும். அடிமுடி மாலைவரை ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்திலும் உடல் சூட்டிலும் பாக்டீரியாவும் ஈஸ்டும் பெருகுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் மருத்துவத்துக்கு வரும் நாய்களில் பலவற்றின் கதை இதுதான்.

டவலால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள். தேய்த்தால் சிக்கு விழும். பிறகு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்து, மறு கையால் முடியைப் பிரஷால் பிளந்துகொண்டே காய வையுங்கள். உங்கள் கை காற்றின் குறுக்கே இருக்கட்டும்; கைக்குச் சுட்டால் தோலுக்கும் சுடும். ஒரு ஸ்பிட்ஸ் முழுதாகக் காய முக்கால் மணி நேரம்கூட ஆகும். விரலை வேர்வரை விட்டு, அக்குளிலும் தொடையிலும் குளிர்ச்சி தட்டாவிட்டால்தான் காய்ந்ததாக அர்த்தம். அந்த அளவு நேரம் இல்லாத நாளில் குளிப்பாட்டவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

ஒரே இரவில் வட்டமாக, சிவந்து, கசிந்து, முடி ஒட்டிக்கொண்டு ஒரு புண் வந்தால், அது ஈரம் தங்கியதால் வரும் புண்ணாக இருக்கலாம். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசாதீர்கள். எண்ணெய் கசிவை உள்ளே மூடிவைக்கும். அந்த இடத்து முடியை எடுத்துக் காற்றுப் படவிடுவதும், நாய் நக்காதபடி கழுத்துக்குக் கூம்பு மாட்டுவதும் முதல் வேலை. மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இது வேகமாகப் பரவும்.

நாற்றம் காதிலிருந்தோ வாயிலிருந்தோ வருகிறதா என்றும் முகர்ந்து பாருங்கள்.

காது, பல், நகம்: இவற்றுக்கு என்ன செய்ய வேண்டும்?

காதுக்கு வாரம் ஒருமுறை பார்வை போதும். வெளிர் சிவப்பாக, வாசனை இல்லாமல் இருந்தால் தொட வேண்டாம். அழுக்கு தெரிந்தால் காது கழுவும் மருந்தைக் குழாய்க்குள் விட்டு, காதின் அடிப்பகுதியை 20 விநாடி பிசைந்து, நாய் தலையை உதறியபின் பஞ்சால் வெளியே வந்ததைத் துடையுங்கள். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்ளே திரும்புகிறது. பட்ஸ் விட்டால் அழுக்கு அந்தத் திருப்பத்தில் போய் அடைந்துகொள்ளும். காபித்தூள்போல் கறுப்பாக வந்தாலோ புளித்த வாசனை வந்தாலோ நீங்களே மருந்து விடாமல் மருத்துவரிடம் போங்கள்.

பல்லைத்தான் நம் வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை. சிறிய தாடையில் 42 பல் நெருக்கியடித்து நிற்பதால் பொமரேனியனுக்கும் ஷிட்சூவுக்கும் சீக்கிரமே காரை படிந்து, ஈறு கெட்டு, நடுவயதில் பல் விழ ஆரம்பிக்கும். குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ், நாய்க்கான பற்பசை, தினமும் அரை நிமிடம், வெளிப்பக்கம் மட்டும் போதும். மனிதர் பற்பசை கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சிலவற்றில் சேரும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். ஏழு மாதத்தில் வாயைத் திறந்து பாருங்கள். கோரைப்பல் பக்கத்துக்கு இரண்டாக நின்றால் பால்பல் விழவில்லை. அதை எடுக்க வேண்டும்.

நகம் தரையில் டிக் டிக்கென்று கேட்டால் நீளம் கூடிவிட்டது. வெள்ளை நகத்தில் உள்ளே ரோஜா நிறத்தில் ரத்தக்குழாய் தெரியும். அதற்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகத்தைச் சிறிது சிறிதாக வெட்டி, வெட்டிய முகத்தில் நடுவே கறும்புள்ளி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்தி இரண்டு நிமிடம் பிடியுங்கள். முன்காலில் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் தேயாது. முடிக்குள் மறைந்து வளைந்து சதைக்குள்ளேயே குத்திக்கொள்ளும். அதை விட்டுவிடாதீர்கள்.

ஐந்து மாதக் குட்டிக்கு முடி கொட்டி அசிங்கமாகிவிட்டது. நோயா?

பெரும்பாலும் இல்லை. குட்டிமுடி உதிர்ந்து பெரிய முடி வரும் பருவம். நாலு மாதத்திலிருந்து எட்டு, பத்து மாதம்வரை முகம் குறுகி, உடம்பு மெலிந்து, நரிக்குட்டிபோல் தெரியும். பிறகு தானாக நிரம்பும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பருவம் முடிந்தபின்னும், குட்டி போட்டபின்னும் கொத்தாக உதிரும். ஆனால் அரிப்பு, வட்டச் சொட்டை, தோல் கறுத்துப்போவது, முதுகின் இருபுறமும் ஒரே மாதிரி முடி இழப்பது, இவற்றில் எது இருந்தாலும் காட்டிப் பாருங்கள்.

உண்ணியை எப்படி ஒழிப்பது?

நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். மற்றவை உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. நம் ஊரில் நாய்மேல் ஏறும் பழுப்பு உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் இறங்கி, சுவர் விரிசல், கதவு நிலை, கட்டில் இடுக்கு என்று போய் முட்டையிடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். எனவே நாய்க்கு மருந்து, வீட்டுக்கு மருந்து, இரண்டும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும். வீட்டுக்கு அடிக்கும் மருந்து காய்ந்து போகும்வரை நாய் உள்ளே வரக் கூடாது.

மாதம் ஒன்று கொடுக்கும் மாத்திரையும், ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும் மாத்திரையும் கிடைக்கின்றன. அடர்முடி நாய்க்குப் பவுடரைவிட, ஸ்பிரேயைவிட இவை நம்பகமானவை, ஏனென்றால் பவுடர் மேல்முடியிலேயே நின்றுவிடும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள்.

கையால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுத்து, டெட்டால் ஊற்றிய குப்பியில் போடுங்கள். காது மடலின் உள்ளே, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தினமும் தேட வேண்டும். உண்ணிக்காய்ச்சல் வந்தால் சாப்பாடு குறையும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், சிறுநீர் கறுக்கும். இதில் ஒரு நாள் தாமதமும் விலை கூடியது.

தயிர்சாதம் மட்டும் கொடுத்து வளர்க்கலாமா?

வயிறு நிறையும், உடம்பு வளராது. வளர்ந்த நாயின் உணவில் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும், குட்டிக்கு 22.5 சதவீதம். அரிசியில் இருப்பது 7, 8 சதவீதம். தயிர் அதைக் கொஞ்சம் உயர்த்தும்; ஆனாலும் பற்றாது. தயிர்சாதத்தில் வளரும் நாய்களின் முடி மங்கி, மெலிந்து, எளிதில் ஒடிவதைக் காணலாம். முடி ஏறக்குறைய முழுக்கப் புரதம்தான். வெளியே என்ன எண்ணெய் தடவினாலும் உள்ளே போகாத புரதத்தை அது ஈடுகட்டாது.

4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 கலோரி வேண்டும். வீட்டுச் சமையல் என்றால் எலும்பில்லாத வேகவைத்த கோழி 80 கிராம், சாதம் 60 கிராம், வேகவைத்த பூசணி, கேரட், பீன்ஸ் சேர்த்து 40 கிராம், எண்ணெய் அரை டீஸ்பூன். உப்பு, காரம், தாளிப்பு இல்லை. இதை இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோழியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. அரைக் கிலோ சமைத்த உணவுக்கு அரை டீஸ்பூன் முட்டை ஓட்டுப் பொடி கலக்க வேண்டும். ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ளலாம். துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவை இதிலும் குறையும் என்பதால் மருத்துவரிடம் கேட்டு ஒரு சத்துப்பொடி சேர்ப்பது நல்லது. குட்டிக்கு இந்தச் சமையலை மட்டும் நம்பாதீர்கள். எலும்பு வளரும் காலத்தில் கணக்குத் தவறினால் கால் வளையும்.

உலர் உணவு எத்தனை கிராம்?

பையில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள். பெரும்பாலும் 350 முதல் 400. அப்படியானால் மேலே சொன்ன 4 கிலோ நாய்க்கு நாளுக்கு 65, 70 கிராம். 8 கிலோ ஸ்பிட்ஸுக்கு 120 கிராமைச் சுற்றி. எடை இரட்டிப்பானால் சாப்பாடும் இரட்டிப்பாகாது என்பதைக் கவனியுங்கள். கப்பில் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுங்கள். பிஸ்கட், வருக்கி, தோசை ஓரம் எல்லாம் சேர்ந்து நாள் கணக்கில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு பிஸ்கட் 20, 30 கலோரி என்றால், 4 கிலோ நாய்க்கு ஒன்றிலேயே அந்தப் பங்கு முடிந்துவிடும்.

பஞ்சு முடி கொழுப்பை மறைத்துவிடும். கண்ணால் எடை பார்க்க முடியாது. இரு கையையும் விலாவில் வைத்து லேசாகத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் பருமன். பொமரேனியனுக்கு அரைக் கிலோ கூடினாலே முழங்கால் சில்லுக்கும் மூச்சுக்குழாய்க்கும் பாரம்.

குட்டிக்கு மூன்று மாதம்வரை நாலு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு இரண்டு. பிராண்டை மாற்றும்போது ஒரு வாரத்தில் கால், அரை, முக்கால் என்று படிப்படியாக மாற்றுங்கள்.

நாங்கள் சைவம். என்ன செய்வது?

முட்டை அனுமதி உண்டென்றால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வேகவைத்த முட்டை, பனீர், தயிர் ஆகியவை நல்ல புரதம். முட்டையும் இல்லையென்றால், முழுச் சத்துணவு என்று போட்ட சைவ உலர் உணவை அடிப்படையாக வையுங்கள். வீட்டுச் சாப்பாட்டை அதன்மேல் ஓரமாகச் சேருங்கள். பருப்பும் சாதமும் மட்டும் போதாது.

கொடுக்கவே கூடாதவை?

சாம்பார் சாதம்தான் நம் வீட்டில் முதல் ஆபத்து. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு எதுவாக இருந்தாலும், வேகவைத்தாலும் பொடியாக இருந்தாலும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடனே தெரியாது, இரண்டு முதல் ஐந்து நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் தேநீர் நிறமாகும்போதுதான் தெரியும். வெங்காயத்தை எடுத்துவிட்டுக் குழம்பு ஊற்றினாலும் சாறு அதில்தான் இருக்கிறது.

திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்திலும் கேசரியிலும் இருப்பதும் அதேதான். சாக்லேட், சைலிட்டால் சேர்ந்த சூயிங்கம் இரண்டும் விஷம். வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டை குடலை அடைக்கும். எண்ணெய்ப் பலகாரமும் மட்டன் கொழுப்பும் கணையத்தைப் புண்ணாக்கும். தீபாவளிக்கு மறுநாள் வாந்தியோடு வரும் நாய்கள் பலவற்றுக்கு அதுதான் காரணம்.

சாப்பிட அடம்பிடிக்கிறது. பட்டினி போட்டால் வழிக்கு வருமா?

வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்குத் தட்டை 20 நிமிடம் வைத்து, எடுத்துவிட்டு, அடுத்த வேளைக்கு மட்டும் வைக்கும் முறை வேலை செய்யும். கெஞ்சி ஊட்டினால் ஊட்டுவதற்காகவே காத்திருக்கும். ஆனால் நாலு மாதத்துக்கு உட்பட்ட பொமரேனியன் குட்டியிடம் இதைச் செய்யாதீர்கள். சில மணி நேரப் பட்டினியிலேயே ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், துவளும், வலிப்பு வரும். அப்படியானால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஒரே இடத்தில் சிறுநீர் கழிக்க எப்படிப் பழக்குவது?

குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் அதிகபட்சம் அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதற்கு முன்பே கொண்டுபோக வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்து, பதினைந்து நிமிடத்தில், விளையாடி முடித்ததும் கட்டாயம். பால்கனியோ தெருவோ, இடம் ஒன்றாகவே இருக்கட்டும். போய் முடித்த அந்த இடத்திலேயே, இரண்டு விநாடிக்குள் ஒரு துண்டு தின்பண்டம். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் அது உள்ளே வந்ததற்கான பரிசாகிவிடும்.

மற்ற நேரத்தில் குட்டி உங்கள் கண்ணில் படும்படியோ, சிறிய கம்பித் தடுப்புக்குள்ளோ இருக்க வேண்டும். சோபாவுக்குப் பின்னால் போய்விட்டு வருவது குட்டியின் தவறில்லை, அதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் பொருள். மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் ஒரே பாடத்தைத்தான் கற்றுத்தரும்: மனிதர் முன் போகாதே, ஒளிந்து போ.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். பினாயில் போட்டால் நமக்கு நாற்றம் போய்விடும், நாய்க்குப் போகாது. அதே இடத்துக்குத் திரும்ப வரும். மேலும் ஈரப் பாதத்தை நக்கும் நாய்க்கு பினாயில் நல்லதல்ல. என்சைம் கலந்த, செல்லப்பிராணிகளுக்கான துடைப்பான் வாங்குங்கள்.

பிரஷைப் பார்த்தாலே கடிக்க வருகிறது.

வலித்திருக்கிறது, அதனால் வருகிறது. முதலில் சடை இருக்கிறதா பாருங்கள். சடையோடு பழக்கம் சொல்லித்தர முடியாது. சடை இருந்தால் மெஷினால் எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

முதல் இரண்டு நாள் பிரஷ் தரையில் கிடக்கட்டும். அதை முகர்ந்தால் ஒரு துண்டு கோழி. அடுத்து, பிரஷின் பின்புறத்தால் முதுகைத் தொடுவது, துண்டு. அடுத்து ஓர் இழுப்பு, துண்டு. இழுப்புக்குப் பிறகு துண்டு வர வேண்டும், முன்னால் அல்ல. அரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள். உடம்பு விறைத்தாலோ, உதட்டை நக்கினாலோ, கண்ணின் வெள்ளை தெரிந்தாலோ, ஒரு படி பின்னால் போக வேண்டும். பாதத்தையும் காதையும் வாயையும் இதே முறையில் பழக்குங்கள். இரண்டு மாதக் குட்டியிலேயே தொடங்கினால் ஒரு வாரத்தில் முடியும் வேலை, மூன்று வயதில் இரண்டு மாதம் எடுக்கும். கையில் அடக்கிப் பிடித்து முடித்துவிடலாம் என்றால் அன்றைக்கு முடியும், அடுத்த முறை பல் படும்.

காலிங் பெல் அடித்தால் குரைப்பு நிற்பதே இல்லை.

ஸ்பிட்ஸ் வகை நாய்களைக் காவலுக்கென்றே பல தலைமுறை வளர்த்திருக்கிறார்கள். குரைப்பை முழுதாக அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டாம். சுருக்கலாம்.

ஒரு பாயை வாசலிலிருந்து ஆறேழு அடி தள்ளிப் போடுங்கள். பெல் இல்லாமல், "பாய்" என்று சொல்லி, தின்பண்டத்தை அதன்மேல் போட்டு, போய் உட்காரப் பழக்குங்கள். அது நன்றாக வந்தபின் பெல் சத்தத்தை ஃபோனில் பதிவுசெய்து மெல்லிய ஒலியில் போட்டு, உடனே "பாய்". நாட்கள் போகப்போக ஒலியைக் கூட்டுங்கள். கடைசியாக வீட்டில் ஒருவர் வெளியே போய் நிஜ பெல்லை அடிக்கட்டும். "சும்மா இரு" என்று கத்துவது நாயின் காதுக்கு நீங்களும் சேர்ந்து குரைப்பதுதான். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். பாட்டி "உட்காரு" என்றும் பேரன் "சிட்" என்றும் சொன்னால் நாய் இரண்டையும் விட்டுவிடும்.

கழுத்துப்பட்டை போதுமா? எப்போது நடக்க அழைத்துப் போகலாம்?

பொமரேனியனுக்கு மார்புப் பட்டை. இழுக்கும்போது கழுத்துப்பட்டை மென்மையான மூச்சுக்குழாயை நசுக்கும். வாத்துக் கத்தல்போல வறட்டு இருமல் வந்தால் அந்தக் குழாய் தளர்ந்திருக்கலாம். உடனே காட்டுங்கள். நடக்கும்போது பின்காலைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டிவிட்டு மறுபடி சாதாரணமாக ஓடினால் முழங்கால் சில்லு விலகுகிறது. டைல்ஸ் தரை இதை மோசமாக்கும். அது ஓடும் பாதையிலும் சோபாவின் கீழும் வழுக்காத பாய் போடுங்கள்.

சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள், மாலை ஏழுக்குப் பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் பாதம் வெந்துவிடும். சப்பைமூக்கு ஷிட்சூவுக்கு ஈரப்புழுக்கமே போதும், வெயில்கூட வேண்டாம்.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான உடல்சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 40.5 தாண்டினால் உயிர் ஆபத்து. சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை, பாதம் என்று முடியைப் பிளந்து தோலில் படும்படி ஊற்றி, மின்விசிறியின் கீழ் வையுங்கள். ஈரத்துணியால் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். குளிர்வித்துக்கொண்டே கிளம்புங்கள், தெளிந்ததுபோல் தெரிந்தாலும் போயே ஆக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகமும் ரத்தம் உறைதலும் அடுத்த இரண்டு நாளில்தான் கெடும்.

தடுப்பூசி முடியும்வரை வெளியே காட்டக் கூடாதா?

தரையில் விடக் கூடாது. கையில் தூக்கிக் காட்ட வேண்டும். மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம்வரை குட்டி எதையெல்லாம் பயமின்றிப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அது வாழ்நாள் முழுக்க நிற்கும். குக்கர் விசில், ஆட்டோ, குடை, தாடி வைத்தவர், பள்ளிக் குழந்தைகள் எல்லாவற்றையும் இந்தக் காலத்தில் தூரத்திலிருந்து, தின்பண்டத்தோடு காட்டிவிடுங்கள். முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில், பிறகு மூன்று, நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை. ரேபிஸ் மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். குடற்புழு மருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ரேபிஸ் ஊசிச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். சென்னை மாநகராட்சியில் நாய் வளர்ப்பு உரிமம் எடுக்க அது தேவை.